இருபத்தொரு டிகிரி

கிட்ட வந்து உட்காருங்க வேதமுத்து அண்ணே, இன்னும் கிட்ட. இந்த இரைச்சலில் நான் மனசுக்குள் பேசுவதே எனக்குக் கேட்க மாட்டேன் என்கிறது. ஸ்டூல் ஒன்றுதான், பாதியை உங்களுக்கு விட்டிருக்கிறேன். நீங்கள் செத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது என்பது தெரியாமல் இல்லை, ஐ.சி.யூ. ஏழாம் கட்டிலில் உங்களைத் துடைத்துத் தாடைக்குக் கட்டுப் போட்டவளே நான்தானே. ஆனாலும் சத்தத்தைப் பற்றிப் பேச இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வேறு ஆள் கிடையாது. பொன்மலைப் பட்டறையில் முப்பது வருஷம் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டவர் நீங்கள். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரிப் பாடும் தங்கச்சி, விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி சொத்தென்று சொல்லும் என்று, மூச்சு வாங்க வாங்க, எனக்குச் சொன்னீர்கள். அப்படியானால் இதைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பெட்டிகளை அடுக்கியிருக்கிற ரெண்டாவது ரேக்கு, கீழேயிருந்து நாலாவது பெட்டி. மற்றதெல்லாம் ஊ என்று ஒரே மூச்சாக ஊதுகிறது. இது ஊதுகிறது, ஒரு விக்கல், ஊதுகிறது, ஒரு விக்கல். போன திங்கட்கிழமை நூறு எண்ணுவதற்குள் ஒரு விக்கல் வந்தது. நேற்று முப்பதுக்கு ஒன்று. இப்போது ஆறுக்கு ஒன்று. ஒன்று ரெண்டு மூன்று நாலு அஞ்சு ஆறு, இதோ. எண்ணாமல் இருக்கலாம் என்றாலும் முடியவில்லை, வாய் பேசாமல் இருந்தாலும் விரல் எண்ணுகிறது, விரலை மடக்கி வைத்தால் கால் கட்டை விரல் எண்ணுகிறது.

மணி ஒன்றே கால். கிரிதரன் சார் சாப்பிடப் போயிருக்கிறார். இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் அவர்தான், முப்பது வயசுகூட இருக்காது, மகா கெட்டிக்காரர், மொத்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்கும் மூளை இந்த ஒரு ரூமில்தான் இருக்கிறது, அந்த மூளைக்கு வைத்தியர் அவர். முட்டி தேய்ந்து வார்டில் நிற்க முடியாமல் போனதும் என்னை இங்கே போட்டார்கள். தண்ணீர் படாமல் தரையைத் துடைக்கணும், மணிக்கு ஒருதரம் அந்தத் திரையைப் பார்த்து ரெண்டு நம்பரை நோட்டில் எழுதணும், மூணாங் கிளாஸ் படித்தவளுக்கு அது போதும். ஒன்று, பச்சைப் பொட்டு எத்தனை. ஒரு பெட்டிக்கு ஒரு பொட்டு, மொத்தம் அறுபத்து நாலு. இன்னொன்று, ரூமின் சூடு எத்தனை டிகிரி. எழுதியிருக்கிறேன் பாருங்கள், அறுபத்து நாலு, இருபத்தொன்று. அறுபத்து நாலு, இருபத்தொன்று. பக்கம் பக்கமாக இருபத்தொன்று. வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்குகிறது, இருபத்தொன்று. ரெண்டு ஏசியில் ஒன்று மாசக்கணக்கில் சரியில்லை, வியாழக்கிழமையிலிருந்து வெறும் காற்றைத்தான் ஊதுகிறது, இருபத்தொன்று. என் முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அக்குளிலிருந்து ஒரு சொட்டு இறங்கி இடுப்புக்குப் போகிறது, நானும் பேனாவை எடுத்து இருபத்தொன்று என்றுதான் எழுதினேன். வேர்க்கிறவள் எழுதுகிற எழுத்தா அது அண்ணே.

ஏன் இருபத்தொன்று என்றும் எனக்குத் தெரியும். அதோ மேலே, ஓடுகிற ஏசியின் வாயில், கருகின மிளகாய் வற்றல் மாதிரி கறுப்பாக ஒன்று தொங்குகிறதே, அதுதான் சென்சார், சூடு பார்க்கிறது. அது இருக்க வேண்டிய இடம் ரேக்குக்குப் பின்னால், பெட்டிகள் மூச்சு விடுகிற பக்கம். அங்கே இருந்தபோது வாரத்துக்கு ரெண்டு தடவை திரை சிவந்து சென்னைக்கு மெசேஜ் போகும், சென்னையில் இருக்கிற பெரிய சார் இவரைக் கூப்பிட்டுக் கிழிப்பார். சென்னைக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், எந்தக் கிளையில் நூறு நாள் சிவப்பே வரவில்லையோ அந்தக் கிளை இன்ஜினியர் கேட்ட ஊருக்கு மாற்றல். கதவுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை மாட்டி, சிவப்பு இல்லாத நாள் என்று போட்டுத் தினமும் காலையில் அழித்து அழித்து எழுதுகிறார். இன்றைக்குத் தொண்ணூற்றேழு. அவர் பெண்சாதி சென்னையில் இருக்கிறாள், கைக்குழந்தை, அதற்கு இன்னும் தலை நிற்கவில்லை, போனில் அதன் அழுகையைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். கெட்ட பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏசி மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார், பதில் இல்லை. மெக்கானிக் வந்து கேஸ் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். அப்புறம் ஒருநாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சென்சாரை ஏசி வாயில் வைத்துக்கொண்டு, ஆயாம்மா ஒட்ட எதுனாச்சும் இருக்கா என்றார். நான்தான் கொடுத்தேன். வார்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரி, ஊசிக் குழாய் நகராமல் கையில் ஒட்டுவோமே, அது. நாலு துண்டு பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தேன். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டும் நின்றேன். ஜுரக்காரன் வாயில் ஐஸைப் போட்டுவிட்டுத் தெர்மாமீட்டர் வைக்கிறார் என்று அப்போதே புரிந்தது. புரிந்துதான் கிழித்தேன். போன வாரம் அந்த நாலாவது பெட்டியின் நெற்றியில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கு மினுக்கென்று கூப்பிட்டதற்கும் ஏதோ பொத்தானை அழுத்தினார், அழுத்தினால் தெரியும் தெரியும் சும்மா இரு என்று அர்த்தமாம், ஒரு மாசம் திரையில் அது பச்சையாகவே தெரியுமாம். வாயையும் கட்டியாயிற்று, கண்ணையும் மூடியாயிற்று. காது மட்டும் பாக்கி, அது என்னுடையது.

ஒன்று ரெண்டு மூன்று நாலு அஞ்சு, விக்கல். அஞ்சுக்கு வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படித்தான் எண்ணினேன். கோபப்படாதீர்கள், இதைச் சொல்லத்தான் மூன்று வருஷமாக உங்களை இழுத்து இழுத்து உட்கார வைக்கிறேன், சொல்லாமலே அனுப்பியும் விடுகிறேன். உங்கள் கை எப்போதும் சில்லென்று இருக்கும், விரலில் மாட்டுகிற கிளிப்பு பிடிக்காது, மெஷின் கீகீ என்று கத்திக்கொண்டே இருக்கும், பக்கத்துக் கட்டில்காரர்கள் சபிப்பார்கள். அதனால் டெய்சி சிஸ்டர், பாவம் பதினாறு பேருக்கு ஒரே ஆள், மெஷினில் எதையோ திருகி, ரொம்பக் கீழே இறங்கினால்தான் கத்து என்று வைத்துவிட்டாள். வார்டு அமைதியானது. நீங்களும் நிம்மதியாகத் தூங்கினீர்கள். ராத்திரி ரெண்டு மணி வாக்கில் கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன், தலைக்கு மேலே உங்கள் மூச்சு. இழுக்கிறது, நிற்கிறது, இழுக்கிறது, நிற்கிறது. பத்தொன்பது வருஷம் கட்டிலுக்கு அடியில் குனிந்தவளுக்கு மூச்சு மாறுவது தெரியாதா. போய்ச் சொன்னேன். ஏழு இழுக்குது சிஸ்டர் என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், மெஷின் கத்தலையேக்கா என்றாள். நான் திரும்பி வந்து மாப்பை எடுத்துக்கொண்டேன். ஒரு தடவைதான் சொன்னேன் அண்ணே. மறுபடி போயிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அவளோ படித்தவள், மெஷினோ வெளிநாட்டு மெஷின், நானோ மாப்பு பிடிக்கிறவள். எட்டாம் கட்டிலுக்கு அடியில் துடைத்தேன், ஒன்பதுக்கு அடியில் துடைத்தேன், துடைத்துத் துடைத்து உங்கள் மூச்சுக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டேன். மெஷின் கத்தினபோது மூன்றே முக்கால். உங்கள் காது மடல் வெள்ளையாக இருந்தது. ஒரு தடவைதான் சொன்னேன்.

இது பெட்டி, ஆளில்லை, பெட்டிக்கு உயிர் இல்லை, அதற்குத் தாடைக் கட்டு வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அதன் நெற்றியில் லேப் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்தப் பை பொருந்தும், எந்தப் பை எந்தத் தட்டில் இருக்கிறது, எல்லாம் அதற்குள். ஐப்பசியில் ஒருதரம் அது நின்றபோது ரத்த வங்கியில் அத்தனை பேருக்கும் மறுபடி கையால் பொருத்தம் பார்த்தார்கள், ஒருத்தருக்கு நாற்பது நிமிஷம். கீழே ஒரு லாரி டிரைவர், அவரிடம் நாற்பது நிமிஷம் இல்லை. இன்றைக்குப் பன்னிரண்டரைக்கு லிஃப்டில் ஒரு பெண்ணை ஏற்றினார்கள், நான் மூலையில் ஒதுங்கி நின்றேன். விடியற்காலை பெற்றவள், மஞ்சள் நைட்டி, கீழ்ப்பக்கம் நைட்டி மஞ்சளாக இல்லை. உதடு காகிதம் மாதிரி. நாலு பை உடனே ஏற்றணும், அப்புறமும் நாலு தயாராக வையுங்கள், அவளுக்கு எல்லா ரத்தமும் சேராது, பார்த்து எடுங்கள் என்று டாக்டரம்மா போனில் சொல்லிக்கொண்டே போனார். புருஷன்காரன் டிபன் கேரியரோடு லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டு நின்றான், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல். கதவு அவன் தோளை ரெண்டுதரம் இடித்தது. அவள் என்னைப் பார்த்து, பாப்பா பால் குடிச்சுதான்னு கேட்டுச் சொல்றீங்களா என்றாள். சொல்கிறேன் என்றேன். போய்க் கேட்கவில்லை, இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது மூன்றாம் மாடியில் அவளுக்கு முதல் நாலு பை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த நாலு இந்தப் பெட்டியின் விக்கலுக்குள் இருக்கிறது.

கதவைத் திறந்து வைக்கலாம். போன வாரம் வைத்தேன், வாளியை முட்டுக் கொடுத்து. கதவு ஒரு நிமிஷத்துக்கு மேல் திறந்திருந்தால் கீழே செக்யூரிட்டிக்கு மணி அடிக்கும், வந்தார்கள், தூசி போகும் என்று சத்தம் போட்டார்கள், காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் என்னிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கினான், இன்னொருதரம் என்றால் வாசலோடு போய்விடு என்றான். வாளியைப் பறித்துக்கொண்டு மாப்பு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்த வெப்பத்தில் கதவைத் திறந்தால் மட்டும் தீருமா, வராண்டாவும் அடுப்பாகத்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் வந்து அவசரமில்லாத பெட்டிகளை அணைத்து, லேப்பை வேறு பெட்டிக்கு மாற்றினால் தீரும். அதற்கு ஐந்து நிமிஷம் போதும் என்று கிரிதரன் சாரே ஒருநாள் பெருமையாகச் சொன்னார். ஐந்து நிமிஷம். நாலுக்கு ஒரு விக்கல். எழுந்தேன், முட்டி கடக்கென்றது, ரேக்குக்குப் பின்னால் கையை நீட்டினேன். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி அடித்தது. பிளாஸ்டிக் காய்கிற வாசனை, உள்நாக்கில் ஒட்டுகிற வாசனை. போனை எடுத்து அவருக்கு அடித்தேன். எடுத்தார், பின்னால் தட்டுச் சத்தம், இன்னொரு காதில் குழந்தை போலிருக்கிறது. சார், லேப் பெட்டி இழுக்குது என்றேன்.

"திரை என்ன சொல்லுது ஆயாம்மா?"

"பச்சைதான் சார்."

"சூடு?"

"இருபத்தொண்ணு."

"அப்புறம் என்ன?"

சிரித்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். அந்த அளவுக்கு அவர் மறந்தேபோயிருந்தார், அண்ணே. தானே ஏறித் தானே ஒட்டினதை மறந்து, அந்த நம்பரைத் தானும் நம்ப ஆரம்பித்துவிட்டார். பொய் சொன்னவன் பொய்யென்று நினைவு வைத்திருந்தால் அதற்கு ஒரு மருந்து உண்டு. எதையும் தொடாதீங்க, மோர் வாங்கிட்டு வரேன் என்று வைத்துவிட்டார். இரண்டாவது தடவையும் அடித்தேன், சொன்னேன், பின்னால் கை வைத்துப் பார்த்தேன் கொதிக்கிறது என்றேன். பின்னாடி எப்பவும் கொதிக்கத்தான் செய்யும் என்றார். நியாயம்தான். எல்லாவற்றுக்கும் நியாயமான பதில் இருக்கிறது. மாப்பு மூலையில் சாய்ந்து நிற்கிறது. எட்டாம் கட்டிலுக்கு அடியில் துடைத்தேன், ஒன்பதுக்கு அடியில் துடைத்தேன். மாப்பை எடுத்துக்கொண்டு முதல் ரேக்குப் பக்கம் போனால் இந்த விக்கல் அவ்வளவாகக் கேட்காது, அங்கே ஏசி ஓடுகிறது, குளிராகவும் இருக்கும், போகலாம், கால் போகிறது, இதோ ஒரு எட்டு வைத்தும் விட்டது. மூன்றுக்கு ஒன்று. ஆயா சொன்னால் கேட்க மாட்டார்கள், மெஷின் சொன்னால் கேட்பார்கள். டெய்சி சிஸ்டர் கேட்டாள், மெஷின் கத்தினதும் பறந்து வந்தாள். அப்படியானால் மெஷினே சொல்லட்டும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அறுபத்து மூன்று வயசு, பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஏசி கம்பியைப் பிடித்து ஏறினேன். நாலு துண்டு பிளாஸ்திரி, உரிப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், எத்தனை கையில் உரித்திருக்கிறேன், மயிர் பிடுங்காமல் ஓரத்திலிருந்து மெதுவாக. சென்சார் ஐஸ் மாதிரி விரலில் குத்தியது. இறங்கி, வயரை நீட்டி, ரேக்குக்குப் பின்னால் போய் நாலாவது பெட்டி மூச்சு விடுகிற ஓட்டையில், மெஸ் அடுப்பு மாதிரி அடிக்கிற அந்த வாயில், தொங்கவிட்டேன். வந்து திரையைப் பார்த்தேன். இருபத்தொன்று. இருபத்து நாலு. முப்பது. ஓ, அந்த நம்பர் ஓடினதைப் பார்க்கணுமே, மூன்று மாசமாக வாயைக் கட்டிப் போட்டிருந்தவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டுகிற மாதிரி. முப்பத்தெட்டு. நாற்பத்தாறு. திரை சிவந்தது. மேலே ஒரு விளக்கு சுழன்றது, கீழே எங்கேயோ மணி அடித்தது. சென்னைக்கு மெசேஜ் போயிருக்கும். நான் கும்பிட்டேன். எந்த மாதாவையும் இல்லை, அந்த நம்பரைத்தான். தாயே நீயாவது சொல்லு என்று. இப்போது வருவார்கள், மூடியைத் திறப்பார்கள், லேப்பை வேறு பெட்டிக்கு மாற்றுவார்கள், ஐந்து நிமிஷம், மேலே அவளுக்கு அடுத்த நாலு பை.

வந்துவிட்டார். கார்டைத் தேய்க்கிற சத்தம் கேட்கிறது, அவசரத்தில் ரெண்டுதரம் தேய்க்கிறார். நெற்றியில் வேர்வை, விரலில் சோற்றுப் பருக்கை, ஓடி வந்த ஓட்டத்தில் மூச்சு இரைக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்க்கிறார், அப்புறம் கதவுக்குப் பின்னால் இருக்கிற தொண்ணூற்றேழைப் பார்க்கிறார். லேப் சார், லேப் போகப்போகுது, மாத்துங்க என்று நான் சொல்கிறேன். இது மூன்றாவது தடவை. பின்னாடி கை வையுங்க சார் என்று அவர் கையைப் பிடித்தே இழுக்கிறேன், எச்சில் கையை. உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொள்கிறார், அம்மாவின் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்கிற மாதிரி. "மூணே நாளு ஆயாம்மா. மூணு நாளு பொறுத்துக்கக் கூடாதா?" கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அப்படியே பின்னால் போகிறார். மாற்றத்தான் போகிறார் என்று என் வயிறு ஒரு நிமிஷம் குளிர்கிறது. சென்சாரை எடுத்துக்கொண்டு வருகிறார். ஸ்டூல் அதே இடத்தில் கிடக்கிறது. ஏறுகிறார். பிளாஸ்திரி எங்கே என்று கையை நீட்டுகிறார், நான் கொடுக்கவில்லை, தன் சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டை எடுத்து அவரே கட்டுகிறார். நாற்பத்தாறு. முப்பத்தொன்று. இருபத்தாறு. அவர் போன் அடிக்கிறது, சென்னை. ஸ்டூலில் நின்றபடியே எடுத்து, இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசுகிறார். ஒண்ணும் இல்ல சார், ஹவுஸ்கீப்பிங் அம்மா துடைக்கறப்ப மாப்பு பட்டு சென்சார் பின்னாடி விழுந்துருச்சு சார், ஆமா சார், சொல்லிக்கிட்டே இருக்கேன், கேக்க மாட்டேங்கறாங்க, காண்ட்ராக்ட்ல சொல்லி ஆளை மாத்திடறேன் சார், இதை சிவப்புக் கணக்குல சேக்க வேண்டாம் சார். இருபத்து மூன்று. ரெண்டுக்கு ஒன்று. என்னைப் பற்றிச் சொல்லட்டும், வாசலோடு போகிறேன், நான் எண்ணுவது அதையில்லை. ஒன்று, விக்கல். ஒன்று, விக்கல். இருபத்தொன்று. அறுபத்து நாலும் பச்சை. ஒன்று.

அடுத்தது வரவில்லை. ரெண்டாவது ரேக்கில் கீழேயிருந்து நாலாவது பெட்டியில், லேப் பெட்டியில், சத்தமே இல்லை, ரூமில் இரைச்சல் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. போனில் கத்திக்கொண்டிருந்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது. பேசுவதற்கு வசதியாக இருக்கவும், கிரிதரன் சார் போனைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து, எல்லாம் நார்மல் சார் என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.